டர்போவுக்கு முந்தைய காற்றுக்குழாய்: கலைச்சொல் தேவை, வெள்ளிக்கிழமைக்குள்

சங்ககிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி) வைத்த டீசல் லாரிக்குத் தனியாகச் செய்த ஏர் இன்டேக் (என்ஜினுக்குக் காற்றை உள்ளிழுக்கும் அமைப்பு) பொருத்துவது பற்றி மாணவர்களுக்கு ஒரு செய்முறைத் தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேலை பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பழைய ஏர் கிளீனர் கூட்டைக் கழற்ற வேண்டும், என்ஜின் சூடு படாத இடத்தில் புது ஃபில்டரை வைக்க வேண்டும், அங்கிருந்து டர்போ வாய்க்குக் குழாய் கொண்டுபோய் கிளாம்ப் (குழாயைப் பிடிக்கும் வளையம்) இறுக்க வேண்டும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால்தான் இவ்வளவும் என்று தெரியும்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வருகிற குழாயையும், டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) வழியாக என்ஜினுக்குப் போகிற குழாயையும் எல்லாரும் 'ஏர் ஹோஸ்' என்றே சொல்கிறார்கள். பின்னதில் கிளாம்ப் தளர்ந்தால் காற்று சீறும், கரும்புகை தள்ளும், வண்டி இழுக்காது. யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். முன்னதில் மயிரிழை இடைவெளி இருந்தாலோ பெரும்பாலும் சத்தமே வராது. ஃபில்டருக்குத் தப்பிய தூசி நேராக உள்ளே போய் டர்போவின் விசிறி இதழையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் எந்தப் பக்கத்துக் குழாய் என்பதைப் பெயரே சொல்ல வேண்டும்.

ஈரோடு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'வளியேற்பி' என்று வையுங்கள். காற்று என்பது தானாக வீசுவது. வளி என்பது வேலைக்கு ஆட்படுவது. புறநானூறு 66-இல் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். கப்பலுக்குக் காற்றை ஏவல் கொண்டவன் என்று பொருள். டர்போ செய்வதும் அதுதான். இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கடன் வாங்கலாமா?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அந்த வேறுபாடு நிற்காது. 'வளிவழங்கு மல்லன்மா ஞாலம்' என்ற குறளில் (245) வளி சாதாரணமாக வீசுகிற காற்றுதானே? இரண்டும் நல்ல தமிழ், இரண்டும் ஒரே பொருள். மாணவருக்குத் தெரிந்ததை வைப்போம். என் முன்மொழிவு உறிஞ்சுகுழல், அழுத்துகுழல். ஊதுகுழல் போல வினைத்தொகை, ஆகவே 'உறிஞ்சுக்குழல்' என்று ஒற்று மிகாது. அச்சில் அதைத் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல், லாரி பாடி கட்டும் பட்டறை:

ஏனுங்க, உறிஞ்சுகுழல்னா இளநீர்க் கடையில் கொடுப்பதுங்க. வளியும் வேண்டாம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கேயோ வடக்கே நிற்கும். பக்கத்தில் ஆள் போர் போட்டுக்கொண்டிருப்பார், கல்மாவு பறக்கும். டிரைவர் போனில் கேட்பார், நான் இங்கிருந்து சொல்ல வேண்டும். 'வளி' என்றால் அவருக்கு 'வலி' என்று கேட்கும். போனில் ஒரே தடவையில் விளங்குகிற சொல்லாகக் கொடுங்கள்.

இன்னொன்று. டர்போவுக்கு முன்னால் சாதா ரப்பர் ஹோஸைப் போட்டு என்ஜின் வேகத்தை ஏற்றிப் பாருங்கள். ஹோஸ் உள்பக்கமாகச் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஹோஸோ உலோகக் குழாயோ போடுகிறோம். டர்போ தாண்டிய பக்கத்தில் அதே ஹோஸ் உப்பும், கிளாம்ப்பை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் இழுக்கிற குழாய், ஒரு பக்கம் தள்ளுகிற குழாய். எங்கள் பையன்களிடம் அப்படித்தான் சொல்கிறோம்.

ஈரோடு:

இழுப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 'வாங்கு' என்பதற்குப் பழம்பொருள் இழுப்பதுதான். இன்றும் 'மூச்சு வாங்குது' என்கிறோம். குறுந்தொகை 172-இல் ஏழூருக்குப் பொதுவாக உழைக்கும் கொல்லன் துருத்தியை 'உலைவாங்கு மிதிதோல்' என்று பாடியிருக்கிறது. நம் சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை நினைத்துப் பாருங்கள். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுவே என்பார்கள். அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் சுடுமண் குழாய்களும் கிடைத்தன. நெருப்புக்குக் காற்றை அழுத்திக் கொடுத்தால் அது இன்னும் வேகமாக எரியும் என்று இந்த மண்ணில் தெரிந்திருந்தது. 'வளிவாங்கி' என்றாலும் எனக்குச் சம்மதமே.

கோவை:

கொடுமணல் செய்தி அருமை ஐயா, தாளின் முன்னுரையில் சேர்க்கலாம். ஆனால் 'வாங்கி' என்றால் இன்று கடையில் வாங்குவதுதான் நினைவுக்கு வரும். நாமக்கல் அண்ணன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம்: இழுகுழாய், தள்ளுகுழாய். இலக்கணமும் கெடவில்லை.

ஈரோடு:

அம்மணி, இழுகுழாய் ஓர் உறுப்புக்குத்தான் பெயர். ஃபில்டர், கூடு, சூட்டுத் தடுப்புத் தகடு, குழாய் என எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு என்ன பெயர்? பகுதிக்குப் பெயரிட்டு முழுமையை அநாதையாக விடக் கூடாது.

நாமக்கல்:

அதற்கு ஏர் இன்டேக் இருக்கட்டுங்க. தனியாகச் செய்தது என்பதற்கும் புதுச்சொல் வேண்டாம். கம்பெனியில் வந்தது 'கம்பெனி', நாங்கள் செய்தது 'கட்டினது'. இங்கே பாடியையும் கட்டுகிறோம் என்றுதான் சொல்வோம்.

சங்ககிரி:

இன்று வியாழன், இரவே பக்கத்தை முடிக்க வேண்டும். இழுகுழாய், தள்ளுகுழாய் இரண்டுக்கும் ஈரோட்டு ஐயா தவிர எதிர்ப்பு வரவில்லை. அவற்றையே போடுகிறேன். தனிக் கட்டமைப்பு என்பதற்குக் 'கட்டிய' என்ற அடைமொழி. ஃபில்டர் கூட்டின் மேலிருக்கும் கருவியைத் 'தடைகாட்டி' என்று எழுதியிருக்கிறேன். உள்ளிழுப்புத் தடை (காற்று உள்ளே வர எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பது) நீர்த்தம்ப உயர அளவில் 25 அங்குலத்தை நெருங்கினால் ஃபில்டரை மாற்றச் சொல்லும் கருவி அது. பல டர்போ டீசல்களுக்கு இந்த அளவு பொருந்தும், ஆனாலும் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தாளில் உண்டு. முழு அமைப்புக்கு இப்போதைக்கு ஏர் இன்டேக்.

ஈரோடு:

இழுகுழாய்க்கு நான் தடையில்லை. தமிழ்த் தாளின் தலைப்பிலேயே ஏர் இன்டேக் நிற்பதை மட்டும் ஏற்க முடியாது. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த அச்சுக்கு முன் 'வளியேற்பி'யை மறுபடி முன்வைப்பேன். போனில் விளங்காது என்றால் 'காற்றேற்பி'. அதற்கு நாமக்கல் தம்பி என்ன சொல்கிறார்?