ஆக்ஸிமீட்டரும் போனும் இருந்தால் ஆஸ்பத்திரி எதற்கு?

குரோம்பேட்டை குமரன்:
"விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்று, போன் ஒன்று. இது போதும், கொரோனா நோயாளியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகள்" என்று வேறொரு திரியில் ராஜபாளையத்தார் எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. 2021 மே மாதம் என் மாமியார் வீட்டுத் தனிமையில் இருந்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்குப் பணம் கட்டியிருந்தோம். தினமும் காலை 9 மணிக்கு ஒரு பெண் போன் செய்வார். "காய்ச்சல் இருக்கா? ஆக்சிஜன் எவ்வளவு?" நான் 96 என்பேன். "ஓகே சார், நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க." ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆறாம் நாள் பாத்ரூம் போய்விட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். பேச்சு வரவில்லை. மீட்டரை மாட்டினால் 83. அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

ராஜபாளையம் ராஜா:
வருத்தம்தான். ஆனால் ஒரு கேள்வி. மாமியார் விரலில் மருதாணி இருந்ததா? மருதாணி இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். 83 என்பதே பொய்யாக இருக்கலாம். அப்புறம், அந்த மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் 108 வண்டிகள் வரிசையாக நின்றதை டிவியில் பார்த்தீர்கள்தானே? 96 உள்ளவர்களும் வந்து படுத்திருந்தால் யாருக்குப் படுக்கை கிடைத்திருக்கும்? இங்கிலாந்தில் 2020 நவம்பரிலேயே அரசு மருத்துவத் துறை வீட்டுக்கு மீட்டர் கொடுத்தது. 93, 94 என்றால் டாக்டரைக் கூப்பிடு, 92க்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் கணக்கு. அவர்கள் எல்லாம் முட்டாள்களா?

குரோம்பேட்டை குமரன்:
மருதாணியா! 11 நாள் ஆக்சிஜனில் இருந்தார் ஐயா. அதையும் மருதாணிக்கா கொடுத்தார்கள்?

ராஜபாளையம் ராஜா:
கேட்டதற்குப் பதில் இல்லை. இருந்ததா, இல்லையா?

வார்டு அக்கா:
26 வருடம் அரசாங்க நர்ஸ் வேலை. ராஜா தம்பி, மீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் விட்டுக் கணக்குப் போடுகிறது. நம் வீட்டில் அரைத்து வைக்கிற சிவப்பு மருதாணியால் அதற்குப் பெரிய வித்தியாசம் வராது. கடையில் விற்கிற கறுப்பு மெஹந்திதான் தொல்லை. குமரன் தம்பி, உங்கள் கதையில் தப்பு வேறு இடத்தில். உட்கார்ந்தபடியே எடுத்த 96 அது. ஆறு நிமிடம் நடக்கவிட்டு எடுத்திருந்தால் மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். போனில் அந்தப் பெண் நடக்கச் சொன்னாரா? மூச்சு எண்ணச் சொன்னாரா? நிமிடத்துக்கு 24ஐத் தொட்டால் மீட்டர் என்ன சொன்னாலும் கிளம்ப வேண்டியதுதான். ஒரு கை வயிற்றில், கண் கடிகாரத்தில். அதற்குக் காசு பணம் வேண்டாம்.

ராஜபாளையம் ராஜா:
கறுப்பு மெஹந்தி என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

வார்டு அக்கா:
எதை ஒப்புக்கொண்டேன்?

மைலாப்பூர் மாலி:
கறுத்த தோலில் மீட்டர் கூட்டிக் காட்டும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்களே. மீட்டர் 92 முதல் 96 வரை காட்டியும், ரத்தத்தில் 88க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. அப்படியென்றால் நம் ஊர் 96ஐ எப்படி நம்புவது?

ராஜபாளையம் ராஜா:
அது அமெரிக்கா. இங்கே பேச்சு மருதாணி.

குரோம்பேட்டை குமரன்:
பேச்சு மருதாணி இல்லை! உங்கள் பேச்சுதான் மருதாணி. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மனிதர் மீட்டருக்கு வக்காலத்து வாங்காமல் வேறு யார் வாங்குவார்? அந்த மே மாதம் எத்தனை ரூபாய்க்கு விற்றீர்கள்? ஜூலையில் அரசு வந்து லாபத்தை 70 சதவீதத்துக்குமேல் வைக்காதே என்று கட்டுப்படுத்த வேண்டியிருந்ததே, எதற்காம்?

ராஜபாளையம் ராஜா:
கடை என் மச்சானுடையது. என்னுடையது இல்லை. கபசுரக் குடிநீர் திரியில் நான் உங்களை மடக்கிய நாளிலிருந்து உங்களுக்கு என்மேல் காய்ச்சல். 2020 மார்ச் 25ஆம் தேதியே டாக்டர்கள் போனில் மருத்துவம் பார்க்க மத்திய அரசு வழிகாட்டு நெறி கொடுத்துவிட்டது. எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். ஒரு மருதாணிக் கைக்காக மொத்த முறையையும் குறை சொல்லாதீர்கள்.

மைலாப்பூர் மாலி:
கபசுரக் குடிநீர் திரியில் மடங்கியது நீங்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

ராஜபாளையம் ராஜா:
போடுங்கள் பார்ப்போம்.

வார்டு அக்கா:
கொஞ்சம் நிறுத்துங்கள். போன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் இருந்து தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோயாளி வந்ததும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன், எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்கிறாரா என்று ஒரு தாளில் குறித்து, மோசமானவரை உடனே சேர்க்கிறார்கள். போனில் "எழுந்து நிற்கிறார்" என்று மகன் சொல்வான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொல்ல மாட்டான். வீடியோவில் கேட்டால்கூட முகத்தைத்தான் காட்டுவார்கள், காலைக் காட்ட மாட்டார்கள்.

ராஜபாளையம் ராஜா:
காசநோய் வேறு, கொரோனா வேறு. திரியை திசை திருப்பாதீர்கள்.

வார்டு அக்கா:
மூச்சு ஒன்றுதானே தம்பி. சரி, நைட் டூட்டி, கிளம்புகிறேன்.

குரோம்பேட்டை குமரன்:
வீட்டில் கேட்டுவிட்டேன். மாமியார் மருதாணியே வைப்பதில்லையாம். போதுமா?

ராஜபாளையம் ராஜா:
யாரிடம் கேட்டீர்கள்? மனைவியிடமா, மாமியாரிடமேவா? நகப்பூச்சு?