வெப்லி மார்க் 4-ஆ, என்ஃபீல்ட் நம்பர் 2-ஆ?

ஜார்ஜ்டவுன்வாசி:
பழைய படங்களில் இந்த இரண்டு பிரிட்டிஷ் ரிவால்வர்களும் ஒரே அச்சாகத் தெரிகின்றன. இரண்டும் .38 காலிபர், ஆறு தோட்டா, நடுவில் மடிந்து திறப்பவை. எதை வைத்துப் பிரிப்பது? ஒன்று வாங்கி வைக்க மலேசியாவில் வழி உண்டா?

செந்தூல் மணி:
சட்டகத்தின் பக்கத்தைப் பாருங்கள் அண்ணே. என்ஃபீல்டில் தனியாகக் கழற்றும் பக்கத்தகடு, திருகோடு இருக்கும். வெப்லியில் இருக்காது. தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியலில், கட்டைவிரலால் பின்னிழுக்கும் கொம்பு இல்லையென்றால் பெரும்பாலும் 1938-இல் வந்த என்ஃபீல்ட் மார்க் 1 ஸ்டார்தான். அதைக் கையால் பின்னிழுக்க முடியாது, விசையை முழுதாக இழுத்தே சுட வேண்டும். தோற்றம் ஒன்றானாலும் உள் பாகங்கள் மாறிப் பொருந்தா.

பட்டர்வொர்த் அண்ணன்:
தோட்டாவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இவற்றுக்கானது .38 எஸ் அண்டு டபிள்யூ (ஸ்மித் அண்டு வெஸ்ஸன்). தோட்டாக் கூட்டின் நீளம் சுமார் 19.7 மில்லிமீட்டர். .38 ஸ்பெஷல் என்பது வேறு தோட்டா; அதன் கூடு 29.3 மி.மீ., ஆனால் சற்று ஒல்லி. ஸ்பெஷலுக்காகச் சிலிண்டரைக் குடைந்த துப்பாக்கிகளும் உண்டு. சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையின் அடிப்பகுதி அகலமாகவே இருப்பதால் சுட்டதும் கூடு உப்பும், சில சமயம் பிளக்கும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்!

செந்தூல் மணி:
வாங்குவது பற்றி: 1960 ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். போலித் துப்பாக்கிக்கும் அதே சட்டத்தில் தடை உண்டு, ‘மாடல்தானே’ என்று இணையத்தில் ஆர்டர் போடாதீர்கள். அதற்குப் பதில் தோல் உறை, பழைய கையேடு, படங்கள் சேருங்கள்.