ரோல் பிளே ஆடினால் டாக்டருக்குப் பேச வந்துவிடுமா?

பழைய ஸ்டெத்:
"ரோல் பிளே இல்லாமல் படித்த டாக்டர்களுக்கு நோயாளியிடம் பேசவே தெரியாது" என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுத, அதற்கு ஏகப்பட்ட லைக். நாங்கள் எல்லாம் வார்டில் ஊமையாகவா நின்றோம்? ரோல் பிளே என்றால் என்ன? பக்கத்து பெஞ்சுக்காரன் புற்றுநோயாளியாம், இவன் டாக்டராம், நடித்துப் பழகுவார்களாம். "உங்கள் வேதனை புரிகிறது" என்று சொன்னால் ஒரு மதிப்பெண். இதற்குப் பெயர் படிப்பு!

பேசும் கலை:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். பெஞ்சுக்காரனை வைத்து ஒப்பேற்றுவதை நான் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவரை நோயாளியாக நடிக்க வைப்பதை அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே தொடங்கிவிட்டார். மாணவன் சொதப்பினால் நிறுத்திவிட்டு மறுபடி பேசச் சொல்லலாம். நிஜ நோயாளியிடம் புற்றுநோய் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பீர்களா?

பழைய ஸ்டெத்:
பாரோஸ் நரம்பியல்காரர். நரம்புக் கோளாறை நடிக்க வைத்து, மாணவன் பரிசோதிக்கும் விதத்தைப் பார்த்தார். வேதனை புரிகிறதா என்று வசனம் கேட்கவில்லை. சரி, அந்த ஒரு மதிப்பெண் எதற்கு? அதைச் சொல்லுங்கள்.

இறுதியாண்டு:
ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடித்த நடிகை அழுதார். நான் பேசாமல் நாற்காலியை அருகில் இழுத்து உட்கார்ந்தேன். மதிப்பெண் இல்லை. என் நண்பன் உள்ளே நுழையும்போதே "புரிகிறது" என்றான். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. முழு மதிப்பெண்.

பழைய ஸ்டெத்:
கேட்டீர்களா! வாயே திறக்கவில்லை, இவனுக்குப் புரிந்துவிட்டது!

பேசும் கலை:
அது மதிப்பெண் போடும் செக்லிஸ்ட்டை எழுதியவரின் கோளாறு. மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் 1975-ல் ஆஸ்கியை அறிமுகப்படுத்தியது தேர்வுக்காக. நான் பேசுவது வகுப்பைப் பற்றி. கெட்ட செய்தி சொல்ல ஸ்பைக்ஸ் முறையில் ஆறு படிகள் உண்டு. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாவது படி. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக வேண்டாமா?

பழைய ஸ்டெத்:
நோயாளி இரண்டாவது படியிலேயே அழுதால்? "உணர்ச்சிக்கு ஐந்தாவது படி, கொஞ்சம் பொறுங்கள் அம்மா" என்பானா? அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டோ?

வார்டு சிஸ்டர்:
ரவுண்ட்ஸ் முடிந்து பெரிய டாக்டர் நகர்ந்ததும் நோயாளி என் பக்கம் திரும்பி "என்ன சொல்லிட்டுப் போறார்?" என்பார். ரோல் பிளே ஆடாத தலைமுறைதான் அவரும்.

பழைய ஸ்டெத்:
சிஸ்டர், மருந்துச்சீட்டுக் கையெழுத்து இழையில் வந்த கோபத்தை இங்கே இறக்க வேண்டாம்.

வார்டு சிஸ்டர்:
அங்கேயும் நீங்கள் பதில் சொல்லவில்லையே. "என் எழுத்து எனக்குப் புரியும்" என்றதோடு சரி.

வழிப்போக்கன்:
குழந்தை இறந்த செய்தியை ஒரே நாளில் மாணவர் மாற்றி மாணவரிடம் கேட்டு அழுகிறாரே அந்த நடிகர், அவர் வீட்டுக்குப் போய் என்ன ஆகிறார்? யாராவது யோசித்தீர்களா?

பழைய ஸ்டெத்:
தலைப்புக்கு வாருங்கள். நான் வார்டில் என் பேராசிரியர் பின்னால் நின்று பார்த்துக் கற்றேன். அவர் எதுவும் சொல்லாமல் தோளில் கை வைப்பார். உங்கள் செக்லிஸ்ட்டில் அவர் பெயில்.

பேசும் கலை:
நல்ல பேராசிரியர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். கத்துகிற பேராசிரியர் பின்னால் நின்றவன் கத்தத்தான் கற்றான். அவர்களில் சிலர் இந்த இழையிலும் இருக்கிறார்கள்.

பழைய ஸ்டெத்:
யாரைச் சொல்கிறீர்கள்? நேரடியாகச் சொல்லுங்கள். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பேசும் கலை:
மேலே சொல்லியாயிற்று. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

வார்டு சிஸ்டர்:
மருந்துச்சீட்டு இழையும் திறந்துதான் இருக்கிறது டாக்டர்.