தைவான் ஆலைகளுக்கு விதை போட்டது நிலச்சீர்திருத்தமா?

வரப்போரம்:
ஆமாம் என்பதுதான் என் கட்சி. பாதி விளைச்சலையும் அதற்கு மேலும் விழுங்கிய குத்தகைக்கு 1949இல் 37.5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1953இல் உழுபவருக்கே நிலம். நிலச்சுவான்தார் நடுத்தர நஞ்சையில் ஏறக்குறைய மூன்று ஹெக்டேர் வைத்துக்கொள்ளலாம், மிச்சம் அரசுக்கு. சூட்சுமம் ஈட்டுத்தொகையில் இருக்கிறது. 70 சதவீதத்துக்குப் பத்திரம்: நஞ்சைக்கு நெல்லிலும் புஞ்சைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலும் மதிப்புப் போட்டது. பாக்கி 30 சதவீதம் சிமென்ட், காகிதம் போன்ற அரசு கம்பெனிகளின் பங்கு. வயலில் முடங்கிய பணம் ஆலைக்கு வந்துவிட்டது.

கணக்கன்:
எத்தனை பேருடைய பணம்? தைவான் சிமென்ட் கம்பெனி, அதில் பங்கு பெற்றுப் பெரிய முதலாளிகளான கூ என்ற நிலக்காரக் குடும்பம் என்று ஒரே உதாரணத்தை வைத்தே இந்தக் கதை ஓடுகிறது. சிறிய நிலக்காரர்கள் பலர் அந்தப் பங்குகளை நம்பாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஜவுளி ஆலை முதலாளிகளில் பலர் ஷாங்காய் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் தைவான் வயலுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் 1965 வரை அமெரிக்க உதவி, முன்பு தைவானை ஆண்ட ஜப்பானியர் விட்டுப்போன ரயிலும் வாய்க்காலும்.

வரப்போரம்:
அமெரிக்கப் பணம் பிலிப்பைன்ஸுக்கும்தான் போனது. நெக்ரோஸ் தீவின் கரும்புப் பண்ணைகள் சில குடும்பங்களின் கையிலேயே இருந்தன. 1972இல் அதிபர் மார்கோஸ் போட்ட நிலச்சீர்திருத்த ஆணை நெல், மக்காச்சோள நிலங்களைத்தான் தொட்டது, கரும்பு தப்பித்தது. உட்கார்ந்த இடத்தில் வருமானம் வரும்போது ஆலைத் தொல்லை யாருக்கு வேண்டும்?

கணக்கன்:
விவசாயி கையில் காசு புரண்டது, அதனால் சந்தை பெருகியது என்றும் அடுத்துச் சொல்வீர்கள். உரத்துக்கு நெல்லைக் கொடு என்றது அரசு, விலையும் அரசு வைத்ததே. 1970களின் தொடக்கம் வரை இந்தப் பண்டமாற்று நடந்தது. பழைய எசமான் போய்ப் புது எசமான், அவ்வளவுதான்.

வரப்போரம்:
புது எசமான் அதைத் தொழிலுக்கும் திருப்பினாரே! பழையவர் இன்னும் நாலு வயல் வாங்கியிருப்பார்.

தெற்குவாசல்:
நடுவில் ஒரு வார்த்தை. இந்தச் சீர்திருத்தத்தைச் செய்த ஆளுங்கட்சி கோமின்டாங், சீனாவிலிருந்து வந்தது; அந்தக் கட்சிக்காரர்களுக்குத் தைவானில் சொந்த நிலம் கிடையாது. சீனாவில் இதே 37.5 சதவீதத்தை 1930லேயே சட்டமாக்கினார்கள், நடத்திக்காட்ட முடியவில்லை. அங்கே நிலக்காரர்கள் அவர்களுக்கு வேண்டியவர்கள். தைவானிலோ 1947இல் அரசுப் படைகள் உள்ளூர் மக்களைக் கொன்றுகுவித்த படுகொலைக்குப் பின் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் வாய் திறக்கும் நிலையில் இல்லை.

கணக்கன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எதிர்க்க ஆளில்லாத ஓர் அரசு நிலத்தையும் பங்கிட்டது, ஆலையையும் கட்டியது. இரண்டுக்கும் காரணம் அந்த அரசு. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பதற்கு இதுவரை நீங்கள் காட்டியது பிலிப்பைன்ஸ் மட்டும்தான்.