காட்ஃபிளெஷ்: டிரம்மர் வந்த பிறகுதான் குழு கெட்டதா?

தகரக்கொட்டகை:

ஒரு மாதமாக என் காதில் காட்ஃபிளெஷ் என்ற இங்கிலாந்து மெட்டல் குழுவின் 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பம் மட்டும்தான் ஓடுகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பாட்டு 'லைக் ராட்ஸ்' போட்டால் வீடு வரும்வரை வேறு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. முதல் தடவை கேட்டபோது யாரப்பா இந்த டிரம்மர், சம்மட்டி வைத்துக்கொண்டு அடிக்கிறாரா என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, டிரம்மரே கிடையாது, தாளத்தைப் பதிந்துவைத்தால் தானாக அடிக்கிற டிரம் மெஷின், வெறும் பெட்டி.

சரி என்று மற்ற ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டேன். 1992இல் வந்த 'பியூர்' அருமை. ஆனால் 1996இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்', 2001இல் வந்த 'ஹிம்ஸ்' இரண்டிலும் நிஜ ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறார். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒலிப்பதிவும் சுத்தமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எனக்கு உப்புக் குறைந்த மாதிரி இருக்கிறது. 2002இல் குழுவே கலைந்துவிட்டதாம்.

என் தம்பியோ நேர்மாறாகப் பேசுகிறான். மெஷினை வைத்துக்கொண்டு வாசிப்பதெல்லாம் ஒரு பேண்டா, கல்யாண வீட்டு கீபோர்டுக்காரர்கூட அதைத்தான் செய்கிறார் என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த மெஷினை ஏன் விட்டார்கள்? குழு உடைந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? மறுபடி சேர்ந்த பிறகு வந்தவற்றில் எதைக் கேட்கலாம்?

கறுப்புக்காது:

தம்பிக்கு முதலில் ஒரு விஷயம் சொல்லுங்கள். அந்த மெஷினைக் கொண்டுவந்தவரே ஒரு டிரம்மர்தான்.

காட்ஃபிளெஷின் தலைவர் ஜஸ்டின் பிராட்ரிக் 1969இல் பிறந்தவர், பர்மிங்காம்காரர். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜி.சி. கிரீன், கிட்டார் வாசிக்கும் பால் நெவில் இருவரும் 80களின் தொடக்கத்தில் நடத்திக்கொண்டிருந்த குழுவில் போய்ச் சேர்ந்து டிரம்ஸ் வாசித்தார். அதன் பெயர் 'ஃபால் ஆஃப் பிகாஸ்', கில்லிங் ஜோக் குழுவின் ஒரு பாட்டிலிருந்து எடுத்த பெயர். இந்த கில்லிங் ஜோக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அதே காலத்தில் நேபாம் டெத்தில் கிட்டார் வாசித்தார். 1987இல் வெளிவந்த அவர்களுடைய 'ஸ்கம்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க இவர் கிட்டார்தான், 1986இல் பதிவானது, அப்போது பையனுக்குப் பதின்ம வயது. உலகத்திலேயே வேகமான இசை என்று பேர் வாங்கிய அந்தக் குழுவை விட்டுவிட்டு 'ஹெட் ஆஃப் டேவிட்' குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கப் போனார். அங்கிருந்தும் வெளியே வந்து 1988இல் கிரீனோடு மறுபடி சேர்ந்தபோதுதான் காட்ஃபிளெஷ். இந்தத் தடவை அவர் கிட்டாருக்கும் குரலுக்கும் மாறிக்கொண்டார். காலியான டிரம்ஸ் இடத்தில் வேறு ஆளைத் தேடவில்லை, அலெசிஸ் ஹெச்ஆர்-16 என்ற மெஷினை வைத்தார்கள். ஆள் கிடைக்காமல் மெஷினுக்குப் போன கதை இல்லை இது.

அந்த வருடமே குழுவின் பெயரிலேயே ஒரு ஈ.பி., அதாவது சின்ன ஆல்பம், வந்தது. உள்ளூர் ரெக்கார்ட் கடையான ஸ்வோர்ட்ஃபிஷ் தன் லேபிளில் வெளியிட்டது. அடுத்த வருடம் இயரேக் லேபிளில் 'ஸ்ட்ரீட்கிளீனர்', நவம்பர் 1989. சில பாட்டுகளில் நெவில்லும் கிட்டார் வாசித்திருக்கிறார். பர்மிங்காம் என்றால் பிளாக் சாபத் ஊர். அவர்களுடைய கிட்டார்காரர் டோனி அயோமி தகட்டு ஆலையில் வேலை செய்தபோது மெஷினில் மாட்டி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், பிளாஸ்டிக் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த ஊர் ஆலைச் சத்தத்தை சாபத் கிட்டாரில் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். காட்ஃபிளெஷ் ஆலையையே உள்ளே கூட்டிவந்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

ஆனால் வெறும் ஆலைச் சத்தம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 'கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்' பாட்டில் அந்த டிரம்ஸ் நடையைக் கவனியுங்கள், தலை தானாக ஆடும். எரிக் பி அண்ட் ராக்கிமின் 'மைக்ரோஃபோன் ஃபீண்ட்' பாட்டின் நடையைப் பிடிக்கப் பார்த்தேன் என்று பிராட்ரிக்கே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நியூயார்க் ஹிப்ஹாப்பை எடுத்து வேகத்தைக் குறைத்து, அதன் மேல் சாபத் கிட்டாரைக் கவிழ்த்தால் வருவதுதான் இவர்களுடைய இசையில் பாதி. ஹிப்ஹாப்பும் மெஷினில் பிறந்த இசைதானே. மெட்டல்காரர்கள் மெஷினைக் குறையாகப் பார்த்த காலத்தில் இவர்களுக்கு அந்தக் கூச்சமே இல்லை.

'பியூர்' வந்தபோது லூப் குழுவின் ராபர்ட் ஹாம்ப்சன் கிட்டாருக்கு வந்தார். 1994இல் 'செல்ஃப்லெஸ்', அமெரிக்காவில் கொலம்பியா வெளியிட்டது. இயரேக்கோடு கொலம்பியா போட்ட ஒப்பந்தத்தில் வந்த வாய்ப்பு அது. பெரிய கம்பெனி வந்துவிட்டதே என்று பாட்டைச் சுருக்கினார்களா என்றால், கடைசிப் பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல். கொலம்பியா ஆட்கள் அதைக் கேட்டபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்கிற கட்டம். 1996இல் பிரையன் மான்டியா டிரம்ஸுக்கு வந்தார், பிறகு பிரைமஸில் வாசித்தவர். அடுத்து டெட் பார்சன்ஸ், ஸ்வான்ஸ், பிராங் குழுக்களில் வாசித்தவர். இரண்டு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. அக்டோபர் 2001இல், 'ஹிம்ஸ்' வந்த கையோடு கிரீன் விலகினார். பேஸ் வாசிக்க வந்தவர் பால் ரேவன், கில்லிங் ஜோக்கில் வாசித்தவர். எந்தக் குழுவின் பாட்டிலிருந்து பெயர் எடுத்து ஆரம்பித்தார்களோ அந்தக் குழுவின் ஆளே கடைசியில் வந்து நிற்கிறார் பாருங்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. 2002இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பிராட்ரிக் மனம் உடைந்து போனார், கிளம்பவில்லை, அத்தோடு குழு முடிந்தது.

டிரம்மர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கிரீன் போனதுதான் காரணம்.

தவில்வீட்டுப் பேரன்:

நானும் மெஷினில் கை வைத்துப் பார்த்தவன், அதனால் ஒரு வார்த்தை.

இந்த ஆல்பத்தின் பைத்தியத்தில் பழைய டிரம் மெஷின் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். வாங்கிய வாரமே உள்ளே இருந்த பேட்டரி செத்து, ராத்திரி உட்கார்ந்து போட்டுவைத்த பேட்டர்ன் எல்லாம் காலையில் காணோம். விற்றவர் போனை எடுக்கவில்லை. அது தனிக் கதை.

ஒரு தாளத்தை மெஷினில் போடும்போது ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு அழுத்தம் என்று சொல்லலாம். மனிதர் வாசிப்பது போல் இருக்க வேண்டும் என்றால் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கேட்டால் தம்பி சொன்ன கல்யாண வீட்டு கீபோர்டு மாதிரியே இருந்தது. கடுப்பில் எல்லா அடியையும் ஒரே அழுத்தத்துக்கு, முழு அளவுக்கு ஏற்றி, நடையைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதுதான் அந்தக் கனம் வந்தது. நல்ல டிரம்மர் ஐந்து நிமிடம் ஒரே நடையை வாசித்தால் அவரை அறியாமலேயே ஒரு இடத்தில் தூக்குவார், ஒரு இடத்தில் மூச்சு விடுவார், கேட்கிற நமக்கும் கூடவே மூச்சு வரும். எங்கள் வீட்டில் காலப்பிரமாணம் ஓடிவிட்டால் தாத்தா முறைப்பார், அவர்கூட ஐந்து நிமிடத்தில் ஒரு இடமாவது இளகுவார். மெஷின் இளகாது. 'ஸ்ட்ரீட்கிளீனர்' கேட்கும்போது நெஞ்சை அடைக்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

இன்னொன்று, இது பேஸ் வாசிக்கிற நண்பனோடு உட்கார்ந்தபோது புரிந்தது. மெஷினின் கிக் அடியும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்மின் சத்தம்) பேஸ் கம்பியும் ஒரே நொடியில் விழுந்தால் 'தொம்' என்று ஒரே சத்தம். ஒரு மயிரிழை விலகினால்கூட 'த-தொம்' என்று இரண்டாகக் கேட்கும். நிஜ டிரம்மர் என்றால் கண்ணைப் பார்த்து அட்ஜஸ்ட் செய்துகொள்வார், மெஷின் காத்திருக்காது, நாம்தான் ஓடிப்போய் ஏற வேண்டும். நண்பன் அரை மணி நேரத்தில் கையை உதறிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கிரீன் இதை ஆல்பம் ஆல்பமாகச் செய்திருக்கிறார், மேடையிலும் செய்கிறார். காட்ஃபிளெஷில் மெஷினும் கிரீனின் பேஸும் சேர்ந்து ஒரே வாத்தியம். கிட்டார் பல இடங்களில் மேலே பறக்கிற இரைச்சல்தான், பாட்டைத் தாங்கித் திரும்பத் திரும்ப வருகிற மெட்டு, அதாவது ரிஃப், பேஸில் இருக்கிறது.

மழைக்கால மெட்டல்:

எல்லாரும் சேர்ந்து 'ஹிம்ஸ்'ஸை மிதிக்கிறீர்கள், அதனால் எதிர்க்கட்சியாக வருகிறேன்.

மெஷின்தான் உயிர், மனிதர் வந்தால் போச்சு என்றால் 1999இல் வந்த 'அஸ் அண்ட் தெம்' என்ன ஆயிற்று? அதில் மறுபடி மெஷின்தான். டிரம் அண்ட் பேஸ் என்ற எலெக்ட்ரானிக் நடன இசைப் பாணியில் வேகவேகமாகத் தாளம் போட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. பிராட்ரிக்கே அந்த ஆல்பம் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறார். மெஷின் இருந்தும் தோற்ற ஆல்பத்தை யாரும் இங்கே பேசவில்லை, மனிதர் வாசித்ததால் 'ஹிம்ஸ்' மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

நான் முதலில் கேட்ட காட்ஃபிளெஷ் ஆல்பம் 'ஹிம்ஸ்'தான். கடைசிப் பாட்டின் பெயர் 'ஜேசு'. அதுவரை அடித்துக்கொண்டே இருந்த ஆள் அந்தப் பாட்டில் சட்டென்று அழுகிற மாதிரி இருக்கும். குழு கலைந்த பிறகு பிராட்ரிக் ஆரம்பித்த குழுவுக்கு வைத்த பெயரும் அதுவே. 2004இல் 'ஹார்ட் ஏக்' வந்தது, நீளநீளமான இரண்டே பாட்டு, மெதுவாக, அழகாக. அப்புறம் டெட் பார்சன்ஸும் அந்தக் குழுவில் வாசித்தார். 'ஹிம்ஸ்' இல்லாமல் 'ஜேசு' இல்லை. 'ஸ்ட்ரீட்கிளீனர்' மாதிரி இல்லை என்பது குற்றமா? பன்னிரண்டு வருடம் கழித்தும் ஒரு மனிதர் அதே கோபத்திலேயே இருக்க வேண்டுமா?

கறுப்புக்காது:

'அஸ் அண்ட் தெம்' பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் வசதியாகத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். அதில் மெஷின் இருந்தது, ஆனால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தவில்வீட்டுப் பேரன் சொன்ன மாதிரி பேஸ் ஏறி உட்கார அதில் இடமே இல்லை. மெதுவாக, ஒரே அடியாக விழுகிற தாளம் ஒன்று, அதில் ஒட்டிய கிரீனின் பேஸ் ஒன்று, இந்த இரண்டும் இருக்கிற இடத்தில்தான் காட்ஃபிளெஷ் இருக்கிறது. 'ஜேசு' பாட்டு நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கும் சண்டை இல்லை, அது வேறொரு குழுவின் முதல் பாட்டு என்றுதான் சொல்வேன்.

2010இல் மறுபடி சேர்ந்தபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிரான்சில் ஹெல்ஃபெஸ்ட் இசை விழா மேடை, பிராட்ரிக், கிரீன், மெஷின், அவ்வளவுதான். டிரம்மரைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் ரோட்பர்ன் விழாவில் 'ஸ்ட்ரீட்கிளீனர்' முழுவதையும் வாசித்தார்கள். பால் ரேவன் 2007இலேயே இறந்துவிட்டார், பாவம்.

தகரக்கொட்டகை:

தம்பியிடம் மைக்ரோஃபோன் ஃபீண்டையும் கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டு பாதி ஓடும்போது கால் தாளம் போட்டது. வாயால் ஒத்துக்கொள்ளவில்லை, காலால் ஒத்துக்கொண்டான், எனக்கு அது போதும்.

'ஹிம்ஸ்'ஸையும் இன்னொரு தடவை கேட்டேன். கடைசிப் பாட்டு விஷயத்தில் மழைக்கால மெட்டல் சொன்னது சரி. மற்ற பாட்டுகளில் நான் என் கட்சியில்தான் இருக்கிறேன்.

சரி, 2010க்குப் பிறகு எதில் ஆரம்பிக்க? அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம். என்னிடம் இருக்கிற 'ஸ்ட்ரீட்கிளீனர்' சிடியில் கடைசி நான்கு பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, சின்னச் சின்னதாக. ஏன்?

தவில்வீட்டுப் பேரன்:

உங்கள் காதுக்கு 2014இல் வந்த 'எ வேர்ல்ட் லிட் ஒன்லி பை ஃபயர்'. பிராட்ரிக்கின் சொந்த லேபிளான அவலாஞ்சில் வந்தது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை மெஷினும் பேஸும்தான், மூச்சு விட விடாது. 2017இல் வந்த 'போஸ்ட் செல்ஃப்' கொஞ்சம் விலகிப் போகும், போஸ்ட் பங்க் வாடை அடிக்கும், அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 2023இன் 'பர்ஜ்' கேளுங்கள். பெயரே 'பியூர்'இன் நிழல், அந்தப் பழைய ஹிப்ஹாப் நடை மறுபடி வரும். தம்பியின் காலுக்கு அதைப் போடுங்கள்.

மழைக்கால மெட்டல்:

அந்த நான்கு பாட்டும் 'டைனி டியர்ஸ்' ஈ.பி.க்காகப் பதிவுசெய்தவை. தனியாக வரவில்லை, சிடியின் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். அவற்றுக்கு முந்தைய 'லோகஸ்ட் ஃபர்னஸ்' பாட்டோடு நிறுத்திவிட்டு ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், அதுதான் ஆல்பம் முடிகிற இடம்.