பிரியதத்த மந்திரமா, அருள் நிறைந்த மந்திரமா? அன்பியச் செபமாலையில் எழுந்த கேள்வி

வைகைக்கரைப் பேரன்:

எங்களுடையது மதுரைக்குக் கிழக்கே ஒரு கத்தோலிக்கக் கிளைப்பங்கு. செபமாலை மாதம் என்பதால் தினமும் ஒரு வீட்டில் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழு, கூடுகிறது. போன வாரம் எங்கள் வீட்டு முறை. மாதா சுரூபத்துக்கு அம்மாச்சியே மல்லிகை கட்டிப் போட்டது. அதற்கு 86 வயது, கண் சரியாகத் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. செபமாலையில் பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து; மூன்றாம் பத்தை அம்மாச்சி சொல்லட்டும் என்று விட்டார்கள். வழக்கம்போல "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே" என்று ஆரம்பித்தது. இப்போது எல்லாரும் "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லும் செபத்தின் பழைய வடிவம் அது. இரண்டு செபமாலை மணிகூடத் தாண்டவில்லை. "பாட்டி, எல்லாரும் சொல்ற மாதிரி சொல்லுங்க, பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வரல" என்று நடத்துகிறவர் நிறுத்திவிட்டார். மீதி மணிகளை வேறொருவர் சொல்லி முடித்தார்.

அன்றிலிருந்து அம்மாச்சி எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. உதடு மட்டும் அசைகிறது. நாற்று நடும்போது அதன் அம்மா சொல்லக் கேட்டுக் காதால் படித்த செபம் அது. திருப்பலியில் ஆளுக்கொரு செபம் சொல்லக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டுச் செபமாலையிலும் அப்படியா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர்:

தம்பி, வயதானவரை மணிக்கு நடுவில் நிறுத்தியது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது பொதுச் செபத்தைப் பற்றி. அதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

22 வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். ஒரு பிள்ளை என்னிடம், "பூரணம்னா கொழுக்கட்டைக்குள்ள வைக்கிறதா டீச்சர்?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அவள் பாட்டி தினமும் சொல்லும் செபம், ஒரு வார்த்தையும் அவளுக்குப் பிடிபடவில்லை. அர்ச்சிஷ்டம் (தூய்மை), சர்வேசுரன் (கடவுள்), உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தோர் தூய்மை பெறும் நிலை), பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) எல்லாவற்றையும் அகராதி வைத்துத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது எதற்காக? மக்கள் புரிந்து பங்கெடுக்கத்தானே. லத்தீன் பூசை போனபோதும் பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள். அதற்காகத் தமிழை நிறுத்தியிருந்தால் உங்கள் அம்மாச்சி இன்றும் ஒன்றும் விளங்காமல்தான் பூசையில் உட்கார்ந்திருக்கும்.

ஓரியூர் நடை:

லத்தீனோடு இதைச் சேர்க்காதீர்கள் டீச்சர். லத்தீன் அம்மாச்சியின் வாயில் வந்த மொழி இல்லை. பிரியதத்தம் அதன் வாயிலேயே ஊறிய சொல்.

அந்தச் சொல் அவ்வளவு தூரத்திலும் இல்லை. பிரியம் என்று நாம் தினமும் சொல்கிறோம். தத்துப்பிள்ளை என்பதில் இருக்கும் தத்துதான் தத்தம், கொடுத்தது என்று பொருள். பிரியத்தால் கொடுக்கப்பட்டது பிரியதத்தம். தகுதி பார்த்துச் சம்பளமாகத் தருவது அருள் இல்லை, கடவுள் பிரியப்பட்டுத் தருவது என்கிற மறையுண்மை முழுவதும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. கொழுக்கட்டையைக் கேட்ட பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்குமா?

மாதாவைப் பல புகழ்ச்சிப் பெயர்களால் அழைக்கும் தேவமாதா பிரார்த்தனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். "தாவீது ராஜாவின் உப்பரிகையே, சொர்ண மயமான ஆலயமே, விடியற்காலத்தின் நட்சத்திரமே, கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே." எங்கள் அம்மா கடைசி ஒரு வாரம் எங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. நாங்கள் சுற்றி உட்கார்ந்து இந்தப் பிரார்த்தனையைச் சொன்னால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" மட்டும் வந்தது. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வாய்! அந்த நேரத்தில் "இறப்பின் வேளையிலும்" என்று திருத்த யாருக்கு மனசு வரும்?

கூடல் தமிழன்:

அம்மா காரியம் படித்து மனம் கனத்தது, ஐயா. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பழைய செபம்தான் நம் மக்கள் மொழி என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1578இல் கொல்லத்தில் சேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. கடவுளுக்கு அன்று தம்பிரான் என்ற சொல் இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த அதே சபைக் குரு, தத்துவ போதகர் எனப்பட்ட தெ நோபிலி, படித்த மேல்சாதியாரிடம் போய்ச்சேர வேண்டும் என்று வடமொழிச் சொற்களை நிறையக் கையாண்டார். சர்வேசுரன் அப்படி வேரூன்றிய சொல். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் ரோமையிலிருந்து அனுமதியும் வந்தது. அவர் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்து மேல்தட்டுக்காக எடுத்த சொல்லை நடவு நட்ட பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு, இன்று அதையே பாரம்பரியம் என்கிறோம். அருள் என்பதோ வள்ளுவர் ஒரு முழு அதிகாரம் பாடிய சொல். அதை விட்டுவிட்டுப் பிரியதத்தத்துக்கு ஏன் போக வேண்டும்? "அர்ச்சிஷ்ட" என்று சரியாக உச்சரிக்கிற பாட்டி ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா? "அச்சிஸ்ட" என்றுதான் சொல்கிறார்கள்.

ஓரியூர் நடை:

அவர்கள் "அச்சிஸ்ட" என்று ஆக்கிக்கொண்டபோதே அது அவர்கள் சொல்லாகிவிட்டதே தம்பி.

சொல் எங்கே பிறந்தது என்று பார்த்தீர்கள், யார் காத்தார்கள் என்று பார்க்கவில்லை. தெ நோபிலி காலத்திலேயே, 1640களில், மற்றச் சாதியாரிடம் போவதற்கென்று, பண்டாரத் துறவிக் கோலம் பூண்ட குருக்களான பண்டாரசாமிகள் வந்துவிட்டார்கள். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தர் என்ற யோவான் தெ பிரித்தோவும் பண்டாரசாமிதான். பிறகு 1773இல் அவர்கள் எல்லாரும் சேர்ந்திருந்த சேசு சபையையே பாப்பரசர் கலைத்தார். சபைக் குருக்கள் மதுரைப் பக்கம் திரும்பி வந்தது 1830களின் கடைசியில். இடையில் அறுபது வருடத்துக்கு மேல். வருடத்துக்கு ஒரு பூசை கிடைத்தாலே பெரிது என்று எத்தனையோ ஊர்கள் கிடந்தன. அப்போது விசுவாசம் அணையாமல் இருந்தது மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார்களாலும், இருட்டிய பிறகு குடிசையில் 53 மணி செபம் சொன்ன பெண்களாலும்தான். எழுத்து தெரியாதவர்களுக்கு அதுதான் வேதாகமம், அதுதான் ஞானோபதேசம்.

மேல்தட்டு மொழி என்று சொல்லி அதை அவர்கள் பேத்தி வாயிலிருந்து பிடுங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறைக்கல்வி டீச்சர்:

ஐயா, பிரியதத்தத்துக்கு நீங்கள் சொன்ன விளக்கத்தை வருகிற ஞாயிறு வகுப்பில் சொல்லப்போகிறேன். இத்தனை வருடமாக எனக்கே அப்படிப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை, அது என் குறை.

ஆனால் என் பயத்தையும் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பத்துமணியை யார் துணையும் இல்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் பாதிகூட இல்லை. வீட்டில் டிவி ஓடுகிறது, செபமாலை இல்லை. அன்பியத்துக்கு வருகிற நாலு பிள்ளைகளுக்கும் வாய்திறக்கத் தெரியவில்லை என்றால் அடுத்த வாரம் அவர்களும் வர மாட்டார்கள். பக்திமுயற்சிகள் வழிபாட்டோடு இசைந்து, மக்களை வழிபாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வழிபாடு பற்றிய அதே சங்க ஏடு 13ஆம் எண்ணில் சொல்கிறது. கோவிலில் தூய ஆவி, இயேசு என்று கேட்ட பிள்ளை வீட்டில் இஸ்பிரீத்துசாந்து, சேசு என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று அதற்கு யார் சொல்வது? செபம் வளராத பொருளும் இல்லை. 2020இல்கூடப் பாப்பரசர் பிரான்சிஸ் மாதா பிரார்த்தனையில் மூன்று புகழ்ச்சிகளைச் சேர்த்தார், அதில் ஒன்று புலம்பெயர்ந்தோருக்கு ஆறுதலானவர் என்பது.

வைகைக்கரைப் பேரன்:

டீச்சர், சேர்த்தார், சரி. எதையும் எடுக்கவில்லையே. 2002இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், செபமாலையின் பத்துகளில் தியானிக்கப் புதிதாக ஒளியின் மறையுண்மைகளைக் கொடுத்தபோதும், அது அவரவர் விருப்பம், குழுக்களின் விருப்பம் என்றுதான் விட்டார். பாப்பரசரே விட்டுக்கொடுத்த இடத்தில் எங்கள் அன்பியம் கறாராக இருக்க வேண்டுமா?

மறைக்கல்வி டீச்சர்:

அது நியாயமான கேள்வி. ஒன்று யோசித்தேன். முன்பாதியைத்தான் நடத்துகிறவர் சொல்கிறார், பின்பாதி எல்லாரும் சொல்வது. அம்மாச்சி "சேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று முடிக்கும்போது "தூய மரியே" என்று பிடித்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால் போதும். பதில் மாறவே மாறாது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததுதான் அன்று அவர்கள் திணறியதற்குக் காரணமாக இருக்கும். ஆனால் இது அம்மாச்சிக்காக மட்டும் நான் சொல்வது. புதிதாகச் செபமாலை படிக்கிற பிள்ளைக்கு அருள் நிறைந்த மந்திரத்தைத்தான் சொல்லித்தருவேன்.

கூடல் தமிழன்:

டீச்சர் சொன்ன கடைசி வரிதான் என் நிலையும். தம்பி, அம்மாச்சி சொல்கிற செபங்கள் எல்லாவற்றையும் போனில் பதிந்து வையுங்கள். மூவேளை செபம், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கான செபம், பிரார்த்தனை, ஒன்றும் விடாமல். "அச்சிஸ்ட" என்று சொல்வதையும் அப்படியே பதியுங்கள், திருத்தச் சொல்லாதீர்கள்.

வைகைக்கரைப் பேரன்:

நேற்று ராத்திரி பதிந்தேன் அண்ணே. பிரார்த்தனை முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. அப்புறம் அது என்னிடம் கேட்டதுதான் மனசைப் பிசைகிறது. "அந்தப் புதுசை எனக்குச் சொல்லிக் குடுய்யா, பிள்ளைகளோட சேர்ந்து சொல்றேன்" என்றது. அக்கா மகள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். "அருள் நிறைந்த மரியே" வரைக்கும் வருகிறது, அடுத்த மணியிலேயே பழையதுக்குப் போய்விடுகிறது. நாலைந்து தடவை பார்த்துவிட்டு, "வர மாட்டேங்குதுய்யா" என்று செபமாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அன்பியம் பக்கத்து வீட்டில். நடத்துகிறவரிடம் இன்றைக்கே போய்ப் பேசுகிறேன். டீச்சர் சொன்னபடி பிள்ளைகளையும் முன்னாலேயே கூப்பிட்டுச் சொல்லி வைக்கிறேன். மூன்றாம் பத்தை அம்மாச்சிக்கே கேட்கப் போகிறேன்.

ஓரியூர் நடை:

இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற துக்கத் தேவரகசியம் வருகிற நாள் தம்பி, வெள்ளி. மூன்றாம் பத்து முள்முடி. அம்மாச்சியிடம் அதையும் சொல்லி வையுங்கள்.