கொட்டகையில் வளரும் வனராஜா கோழிகள் எடை கூடவில்லை: தீவனமா, இடமா?

கேள்வி

வணக்கம். ஒரே நாளில் வாங்கிய வனராஜா குஞ்சுகளை, நான்காம் வாரத்துக்குப் பின் இரண்டாகப் பிரித்து வளர்க்கிறேன். ஒரு பாதி, தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளத்தைத் தடிமனாகப் பரப்பிய 100 சதுர அடி ஆழ்கூளக் கொட்டகையிலேயே இருக்கிறது. மறு பாதி பகலில் தென்னந்தோப்பில் மேய்ந்து இரவில் அடைகிறது. பக்கத்துக்கு 120 கோழிகள். எட்டு வாரம் முடிந்த நிலையில் மேய்பவை சராசரி 750 கிராம், அடைபட்டவை 600 கிராம்தான். அவற்றுள் சில ஒன்றன் வால் இறகை மற்றொன்று கொத்திப் பிடுங்குகின்றன. தீவனம் இரண்டுக்கும் ஒன்றே: 100 கிலோவில் மக்காச்சோளம் 50, தவிடு 30, கடலைப் புண்ணாக்கு 15, தாது உப்பு உள்ளிட்டவை 5. கொட்டகையை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1

முதலில் தீவனத்தைக் கணக்கிடுங்கள். மக்காச்சோளத்தில் புரதம் ஏறத்தாழ 9 சதவீதம், தவிட்டில் 12, கடலைப் புண்ணாக்கில் 42 என்று கொண்டால், உங்கள் கலவையில் கிடைப்பது 14.4 சதவீதமே. குஞ்சுப் பருவத்துக்கு 20 சதவீதமளவும், வளரும் பருவத்துக்கு 16 முதல் 18 வரையும் தேவை. தோப்பில் மேய்பவை கரையான், புழு, இளம்புல் ஆகியவற்றால் அக்குறையை ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. அடைபட்டவைக்கோ தட்டில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. தீவனம் சரியாக இருந்தால், ஓடியலைந்து ஆற்றலைச் செலவிடாத கொட்டகைக் கோழிகள்தாம் வழக்கமாக முந்தும். இங்கு அது தலைகீழாகியிருப்பதே புரதக் குறைவைக் காட்டுகிறது.

கடலைப் புண்ணாக்கில் புரதத்தின் கூறுகளான லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் குறைவு. ஈரம் பட்டால் பூஞ்சை நஞ்சும் சேரும். மக்காச்சோளம் 55, சோயா புண்ணாக்கு 30, தவிடு 12, தாது உப்பு மற்றும் வைட்டமின் கலவை 3 என்று மாற்றினால் ஏறத்தாழ 20 சதவீதம் வரும். வளரும் பருவத்துக்கு அது சற்று அதிகம்தான் என்றாலும், பின்தங்கியவை தேறும் வரை கொடுத்துவிட்டுப் பிறகு சோயாவைக் குறைக்கலாம். ஐயமிருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

மறுமொழி 2

மேற்கண்டதை ஏற்கிறேன், ஆனால் இடத்தையும் விட்டுவிட முடியாது. எட்டு வாரத்துக்கு மேல் கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி வேண்டும். உங்களிடம் ஒரு சதுர அடிகூட இல்லை. நெரிசலும் புரதக் குறைவும் சேர்ந்தால் இறகு கொத்தும் பழக்கம் வரும், வந்தபின் நிறுத்துவது கடினம். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி. அம்மோனியா நெடியில் கண் எரியும், தீவனம் எடுப்பது குறையும், இரத்தக் கழிச்சலும் எளிதில் பரவும். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள கூளத்தை அடிக்கடி மாற்றி, மற்ற இடங்களைக் கிளறிவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. பாதிக் கோழிகளை வேறு கொட்டகைக்கு மாற்றுகிறேன். சோயா விலை அதிகம். அதற்குப் பதிலாக, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியைப் போட்டால் போதாதா?

மறுமொழி 1

போதாது. உலர்ந்த அசோலாவில் 25 சதவீதமளவு புரதம் இருப்பது உண்மைதான்; ஆனால் பச்சையாக அள்ளும் ஒரு கிலோவில் தண்ணீர் போக உலர்பொருள் 60 கிராம் அளவே நிற்கும், அதில் புரதம் 15 கிராம். அதே 15 கிராமை 35 கிராமுக்கும் குறைவான சோயா புண்ணாக்கு தந்துவிடும். கூடுதல் பசுந்தீவனமாகப் போடுங்கள். சோயாவை அதற்காகக் குறைக்க வேண்டாம்.